விசாரணைக்கு முன் தீர்ப்பு

ஸ்கூடாய்,
5 மார்ச் 2025

நாஸியா,

உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான். தவறி விரல் பட்டுவிட்டதோ என்று நீ நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். வாட்சப்பில் எழுதினால் அது எந்த மேசைக்குப் போய்ச் சேரும் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் காகிதம். உன்னை இப்போது ஸ்கூடாய் ஆபீசுக்கு மாற்றியிருந்தாலும், பொந்தியானில் உன் அத்தாவின் கடை முகவரிக்கு அனுப்புகிறேன். ஆபீசுக்கு வரும் உறைகளை யார் பிரிக்கிறார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள். மேலாளர் சபாபதி சார் என்னை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டார். வாசலில் காவலுக்கு ஜாகா நின்றார். மடிக்கணினியையும் கதவு அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். இத்தனை காலம் மற்றவர்களுக்கு நான் தட்டச்சு செய்து கொடுத்த இடைநீக்கக் கடிதம், அதே வாசகங்களோடு, என் பெயரில் வந்தது. நான் போட்ட ஒரு எழுத்துப்பிழையைக்கூட அவர் திருத்தவில்லை.

குற்றம் இதுதான்: உங்கள் பொந்தியான் தொழிற்சாலையில் வேலை செய்யும் பிரேமலா, ஷிப்ட் சூப்பர்வைசர் வசந்தன் மேல் கொடுத்த பாலியல் தொல்லைப் புகாரை நான் வெளியாட்கள் முன் பேசிவிட்டேனாம். அதனால் விஷயம் வசந்தன் காதுக்குப் போய், பயந்துபோன பிரேமலா புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேலையையும் விட்டுவிட்டாளாம்.

எந்த வெளியாட்கள்? எச்.ஆர். சான்றிதழ் தேர்வுக்காக ஜொகூர் பாருவில் நாம் போகும் சனிக்கிழமை வகுப்பு. அன்று உள்விசாரணைப் பாடத்துக்கு நாம் இருவரும் நடித்துக் காட்டினோமே, அதுதான். நான் விசாரணைத் தலைவர், நீ புகார்தாரர். பெயரை மாற்றினோம், தொழிற்சாலையைப் பேரங்காடி ஆக்கினோம். ஆனால் நடிக்கும்போது நீ ஒரு வரி சொன்னாய்: "ஸ்டோர் கதவு சத்தம் கேட்டாலே எனக்குக் கை நடுங்குது." அது பிரேமலா நம்மிடம் சொன்ன வரி. அந்த வரி அப்படியே சபாபதி எனக்குக் கொடுத்த கடிதத்தில் இருக்கிறது.

அந்த வகுப்பில் நம் கம்பெனி ஆட்கள் இரண்டே பேர். ஒருத்தி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு வீட்டில் இருக்கிறாள். இன்னொருத்தி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

வேறு என்ன எழுத?

சந்திரமதி


பொந்தியான்,
8 மார்ச் 2025

அக்கா,

கடிதம் வந்துச்சு. அத்தாதான் கொண்டுவந்து கொடுத்தாங்க. "யாரு இந்தக் காலத்துல கடிதம் எழுதுறா, கோர்ட்டு விஷயமா?"ன்னு கேட்டாங்க. படிச்சு முடிச்சுட்டு நோன்பு திறக்கக்கூட மனசு வரல.

நான் சொல்லல. சபாபதி சார் கிட்ட வகுப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. உங்க நாற்காலியை நான் கேக்கவும் இல்ல. செவ்வாய்க்கிழமை காலையில பொந்தியான் தொழிற்சாலை கேட்டுக்கு வேன் அனுப்பி, "இன்னைக்கு ஸ்கூடாய்ல உக்காரு"ன்னாங்க. எதுக்குன்னு அங்க போனப்புறம்தான் தெரிஞ்சது. உங்க டிராயர்ல தைலம் டப்பா, உங்க பையன் போட்டோ எல்லாம் அப்படியே இருந்துச்சு. அதைத் தொடாம அந்த மேசை ஓரத்துல வேலை செய்யறேன். நம்புறதும் நம்பாததும் உங்க இஷ்டம்.

இப்ப நான் ஒன்னு கேக்கணும். நேத்து சபாபதி சார் என்னைக் கூப்பிட்டாரு. சிரிச்சுக்கிட்டே, "உங்க அக்கா விளக்கக் கடிதத்துல உங்களைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? நீங்கதான் வெளிய சொன்னீங்கன்னு எழுதியிருக்காங்க. நான் நம்பல லா, நீங்க கவலைப்படாதீங்க"ன்னாரு.

அவர் சிரிக்கிற மாதிரி சிரிச்சா எனக்கு நம்பிக்கை வராது. நம்மைப் பிரிக்கறதுக்காகச் சொல்றாரோன்னும் தோணுது. ஆனா உங்க முதல் கடிதத்தைப் படிச்சப்புறம், அவர் சொல்றது உண்மையா இருக்குமோன்னும் தோணுது. நேராக் கேக்கறேன், எழுதினீங்களா?

நாஸியா


ஸ்கூடாய்,
10 மார்ச் 2025

நாஸியா,

எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

"வகுப்பில் பங்கெடுத்த இன்னொரு ஊழியர் வழியாகத் தகவல் சென்றிருக்கலாம் என்று சந்தேகிக்கிறேன்" என்பதுதான் வாசகம். 'இருக்கலாம்' என்று போட்டேன். அதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நீ சொல்லவில்லை என்கிறாய். சரி. அப்படியானால் சபாபதிக்கு யார் சொன்னது? வகுப்பறைச் சுவரா? உன்னை ஏன் உடனே என் இடத்துக்குக் கொண்டுவந்தார்? ஸ்கூடாயிலேயே தகுதியுள்ள மூன்று பேர் இருக்கும்போது பொந்தியானிலிருந்து வேன் போட்டு ஏன் கூட்டி வர வேண்டும்? இந்தக் கேள்விகளை நான் கேட்காவிட்டால் எனக்கு எச்.ஆர். வேலையே தெரியாது என்று அர்த்தம்.

இன்னொன்று. உன் கடிதம் வந்த உறையின் ஓரத்தில் பசை இரண்டு தரம் தடவியதுபோல் இருந்தது. ஒட்டிப் பிரித்து மறுபடி ஒட்டினாயா? அல்லது யாருக்காவது காட்டிவிட்டு ஒட்டினாயா?

தேர்வு அடுத்த மாதம். புத்தகத்தைத் திறந்தால் 'ஊழியர் நம்பிக்கையைக் கட்டியெழுப்புதல்' என்று ஓர் அத்தியாயம். மூடி வைத்துவிட்டேன்.

சந்திரமதி


பொந்தியான்,
12 மார்ச் 2025

அக்கா,

உறையை நான்தான் பிரிச்சு ஒட்டினேன். "எழுதினீங்களா"ங்கிற வரியை முதல்ல எழுதாம ஒட்டிட்டேன். அப்புறம் மனசு கேக்காம பிரிச்சு எழுதினேன். இதையும் சந்தேகப்படுங்க, பரவாயில்ல.

நீங்க கேட்ட கேள்விக்கு நான் பதில் தேடிப் போனேன். உங்களுக்காக இல்ல. எனக்காக. ஆபீஸ்ல நான் நடந்து போனா பேச்சு நின்னுபோகுது, அதுக்காக.

முதல்ல நம்ம வகுப்பு ஆசிரியர் சுகுமாறன் சாருக்குப் போன் போட்டேன். "சார், நாங்க நடிச்சதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"ன்னு கேட்டேன். அவர் சந்தோஷமா, "ஆமாம்மா, சபாபதி என் பழைய கூட்டாளியாச்சே. ஒரு கல்யாணத்துல பார்த்தேன். உங்க ஆளுங்க ரெண்டு பேரும் கண்டிப்பா பாஸ் பண்ணிடுவாங்கன்னு சொன்னேன். கதவு சத்தம்னு நீ சொன்னப்ப எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சுன்னு சொன்னேன்"ன்னாரு. பாராட்டித்தான் சொல்லியிருக்காரு அக்கா. அவருக்கு ஒன்னுமே தெரியாது.

அப்புறம் பெக்கான் நானாஸுக்குப் போனேன், பிரேமலா வீட்டுக்கு. கதவைத் திறக்கவே இல்ல. ஜன்னல் வழியா, "யார் அனுப்பினா?"ன்னுதான் கேட்டா. யாரும் அனுப்பலன்னேன். "அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க"ன்னா. வாசல்லயே நின்னேன். நான் நோன்புன்னு அவ அம்மாவுக்குத் தெரிஞ்சப்புறம், "வெயில்ல நிக்காதம்மா"ன்னு அவங்கதான் திறந்துவிட்டாங்க.

பிரேமலா சொன்னது இதுதான்: நாம நடிச்ச சனிக்கிழமைக்கு முன்னாலயே வசந்தன் அவகிட்ட வந்து, "ஆபீஸ்ல நீ என்னென்ன சொன்னேன்னு சார் எனக்குச் சொல்லிட்டாரு"ன்னு சொல்லியிருக்கான். முன்னாலயே அக்கா. அவ புகார் கொடுத்த அதே வாரம். வகுப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

புகார் கொடுத்தது நம்ம ரெண்டு பேர்கிட்ட. நாம அறிக்கை கொடுத்தது ஒரே ஒரு சாருக்கு. உள்விசாரணை வெச்சே ஆகணும்னு அவர்கிட்ட பிடிவாதம் பிடிச்சது நீங்க. உங்களை வெளிய அனுப்பிட்டா அந்த விசாரணை நடக்காது. என்னை உங்க இடத்துல உக்கார வெச்சா நாம ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம். நடந்தது அதுதானே?

நாஸியா


ஸ்கூடாய்,
14 மார்ச் 2025

நாஸியா,

உன் கடிதத்தை நேற்று மாலையிலிருந்து எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. ஒவ்வொரு தரமும் நம்பினேன். ஒவ்வொரு தரமும், இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று பயந்தேன்.

சுகுமாறன் சாருக்கு நானும் அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். 'வகுப்பில் இருக்கிறேன்' என்று செய்தி மட்டும் வந்தது. இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளியில் அவருக்கு வகுப்பு ஏது?

இன்று காலை விசாரணை அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை. பாசிர் கூடாங் கிளையிலிருந்து மேடம் லிம் தலைவராக வருகிறார். கம்பெனித் தரப்புச் சாட்சி ஒருவர்தான். உன் பெயர்.

இதை ஏன் நீ எனக்கு எழுதவில்லை? உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. அறிவிப்புகளைத் தட்டச்சு செய்யும் மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பது நீ.

நீ சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கலாம். அல்லது, நான் திங்கட்கிழமை என்ன வாதாடப் போகிறேன் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள யாரோ உன்னை எழுதச் சொல்லியிருக்கலாம். அதனால் என் வாதத்தை உனக்கு எழுதப்போவதில்லை.

சந்திரமதி


பொந்தியான்,
15 மார்ச் 2025

அக்கா,

சாட்சி அறிவிப்பை சபாபதி சாரே அடிச்சாரு. எனக்கும் நேத்துதான் கொடுத்தாரு. "கேட்டதுக்கு ஆமா, இல்லன்னு மட்டும் சொன்னா போதும். ஏப்ரல்ல உங்க பதவியை நிரந்தரம் பண்ணிடலாம்"ன்னாரு.

கூப்பிட்டா நான் போகாம இருக்க முடியாது. ஆனா அங்க போய் என்ன சொல்லுவேன்னு அவர் கேக்கல. நீங்களும் கேக்கல.

உங்க வாதத்தை எனக்கு எழுத வேண்டாம். நான் தெரிஞ்சுக்கவும் விரும்பல.

ஒன்னு மட்டும். மாதிரித் தேர்வுல எப்பவும் நமக்கு ஒரு கேள்வி வரும்: ஊழியர் மேல நடவடிக்கை எடுக்கறதுக்கு முன்னால முதல்ல என்ன செய்யணும்? நீங்க ஒரு தடவைகூடத் தப்பா எழுதினதில்ல. அவர் தரப்பைக் கேக்கணும்னு எழுதுவீங்க. முதல் கடிதத்துல, 'நீயா செஞ்சே?'ன்னு ஒரு வரி இருக்கான்னு தேடிப் பார்த்தேன். இல்ல.

நாஸியா


ஸ்கூடாய்,
20 மார்ச் 2025

நாஸியா,

திங்கட்கிழமை விசாரணை முடிந்ததும் உன்னிடம் பேச வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் நீ என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாய். அது சரிதான்.

அந்த அறையில் நீ வந்து உட்கார்ந்தபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையின் மேல் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். "சனிக்கிழமை வகுப்பில் இந்தப் புகார் நடித்துக் காட்டப்பட்டதா, ஆமா இல்லையா?" என்று சபாபதி கேட்டார். "ஆமா" என்றாய்.

அடுத்து நீ பேசியது முதலில் எனக்கு ஏறவே இல்லை. "ஆமா, நடிச்சோம். அவங்க மட்டும் இல்ல, நானும். அந்த வரியைச் சொன்னது நான். தப்புன்னா எனக்கும் கடிதம் கொடுங்க. ஆனா அதுக்கு முன்னாலயே விஷயம் வசந்தனுக்குத் தெரியும். யார் சொன்னாங்கன்னு தெரிஞ்சவங்க கீழே கேண்டீன்ல இருக்காங்க." சபாபதி எழுந்து, சாட்சி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றார். மேடம் லிம் அவரைப் பார்க்காமலே, "கூப்பிடுங்க" என்றார்.

பிரேமலாவை எப்படி வரவைத்தாய்? ஜன்னலுக்குப் பின்னால் நின்று பேசிய பெண். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சபாபதியின் முகத்துக்கு நேராகச் சொன்னாளே, "சார்தான் சொன்னாருன்னு வசந்தன் என்கிட்ட சொன்னான்" என்று. வசந்தனை வரவழைத்துக் கேட்டபோது அவன் மறுக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முழுவதையும் கொட்டிவிட்டான்.

நேற்று முடிவு வந்தது. என் இடைநீக்கம் ரத்து. புகாரைப் பயிற்சிக்குப் பயன்படுத்தியதற்கு எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. அது நியாயம். உனக்கும் ஒன்று வந்திருக்கும். சபாபதி விடுப்பில் போயிருக்கிறார், திரும்ப மாட்டார் என்கிறார்கள். பிரேமலாவின் புகார் மறுபடி எடுக்கப்படுகிறது.

நான் உன்னைச் சந்தேகித்தேன். விசாரணை அறையில் நீ 'ஆமா' என்று சொன்ன அந்த நொடி வரை சந்தேகித்தேன். மன்னித்துவிடு என்று எழுதினால் அது இன்னொரு படிவ வாசகம்போல் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

சந்திரமதி


பொந்தியான்,
6 ஏப்ரல் 2025

அக்கா,

பெருநாள் முடிஞ்சு எழுதறேன். நீங்க அனுப்பின முறுக்கும் கேக்கும் வந்துச்சு. அத்தா சாப்பிட்டாங்க.

வேலையை விட்டுட்டேன். நீங்க நெனைக்கிற காரணம் இல்ல. பொந்தியானுக்குத் திரும்பிப் போனேன், கேண்டீன்ல நான் உக்கார்ந்தா பக்கத்து மேசை எந்திரிச்சுப் போகுது. "இவகிட்ட பேசினா எங்க போய்ச் சொல்லுவாளோ"ன்னு. உண்மையைச் சொன்னவளுக்கும் கோள் சொன்னவளுக்கும் அங்க ஒரே பேருதான்.

பிரேமலாவை எப்படி வரவெச்சேன்னு கேட்டீங்க. வரச் சொல்லவே இல்ல. "வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது, நல்லதே நடக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்"ன்னு மட்டும் சொன்னேன். அவதான், "இத்தனை நாள்ல நல்லது நடக்கும்னு சொல்லாம வந்த மொத ஆளு நீதான்"ன்னா.

தேர்வுக்கு வருவேன். மண்டபத்துல பார்த்தா பேச வேண்டாம். படிச்சதெல்லாம் மறந்துடும்.

நாஸியா


பொந்தியான்,
2 ஜூலை 2025

அக்கா,

ரிசல்ட் வந்துச்சு. பாஸ் பண்ணிட்டேன். உங்களுக்குச் சம்பளக் கட்டமைப்புப் பகுதி மட்டும் நின்னுபோச்சுன்னு சுகுமாறன் சார் சொன்னாரு. கேக்காமலே சொன்னாரு, அவர் வாயை யார் மூடறது?

இது வேற விஷயம். சிங்கப்பூர்ல, துவாஸ்ல ஒரு கம்பெனியில எச்.ஆர். வேலைக்கு நேர்முகம் முடிஞ்சது. எடுத்துக்கறோம்னாங்க. ஆனா பழைய கம்பெனி மேலாளர்கிட்ட பேசிட்டுத்தான் ஆர்டர் கொடுப்பாங்களாம். சபாபதி சார் நாற்காலியில இப்ப நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். அவங்க உங்களுக்குத்தான் போன் போடுவாங்க.

என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்கக் கூடாது. அது முறை இல்ல, நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியும். ஆனா பயமா இருக்கு. மேலாளரைக் காட்டிக்கொடுத்த பொண்ணுன்னு ஒரு வரி போதும், எந்தக் கம்பெனியும் எடுக்காது. நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்கன்னு நான் நம்பணும். நம்பத்தான் பார்க்கறேன். வரமாட்டேங்குது. உங்க விளக்கக் கடிதத்துல 'இருக்கலாம்'னு ஒரு வார்த்தை போட்டீங்களே, அதுதான் ஞாபகம் வருது.

நாஸியா


ஸ்கூடாய்,
7 ஜூலை 2025

நாஸியா,

இன்று காலை துவாஸிலிருந்து ஒரு பெண்மணி அழைத்தார். பெயர் மிஸ் கோ. நான் கதவைச் சாத்தவில்லை. வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நேரத்துக்கு வருவாளா, விடுப்பு எப்படி என்றெல்லாம் கேட்டார். பதில் சொன்னேன். கடைசியில், "ஏன் விலகினார்? ஏதாவது பிரச்சினையா?" என்றார். ஆமாம், பிரச்சினைதான் என்றேன். "ஓர் ஊழியருக்கு அநியாயம் நடந்தது. அதைச் செய்தவர் எங்கள் மேலாளர். இந்தப் பெண்ணுக்குப் பதவி தருவதாகச் சொல்லி வாயை மூடச் சொன்னார். இவள் விசாரணையில் உண்மையைச் சொன்னாள். என் வேலை இன்று இருப்பது அதனால்தான். உங்கள் கம்பெனியில் மறைக்க வேண்டியது ஏதாவது இருந்தால் இவளை எடுக்காதீர்கள்" என்றேன்.

அதிகம் பேசிவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. வேலை கிடைக்காமல் போனால் அதற்கும் நான்தான் காரணம்.

இதை நீ நம்ப வேண்டியதில்லை. நான் உன் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். மிஸ் கோவிடம் நீயே கேட்டுக்கொள். உன்னைப் பற்றி நான் சொன்னதை உன்னிடம் சொல்லலாம் என்று அவருக்கு அனுமதி கொடுத்துவிட்டேன்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்து நாளாகிறது. அழைக்கத்தான் தைரியம் வரவில்லை.

சந்திரமதி


பொந்தியான்,
13 ஜூலை 2025

அக்கா,

கேட்டேன். கேக்காம இருக்க முடியல. மிஸ் கோ சிரிச்சாங்க. "உங்க பழைய பாஸ் எங்களை மிரட்டினாங்க, அதனாலதான் எடுக்கறோம்"னாங்க. ஆகஸ்ட் முதல் தேதி சேர்றேன். இனிமே விடிகாலையில சிங்கப்பூர் போற ரெண்டாவது பாலம், பஸ், கூட்டம்.

உங்க மறுதேர்வு அக்டோபர்ல. சம்பளக் கட்டமைப்பு உங்களுக்கு எப்பவும் வராது, தனியா படிச்சா இந்தத் தடவையும் நிக்கும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. புத்தகத்தை எடுத்துக்கிட்டு அத்தா கடைக்கு வாங்க. பின்னால ஒரு மேசை காலியா இருக்கும்.

எனக்குக் கோபம் இன்னும் போகல. போன மாதிரி நடிக்கவும் வராது. பாடம் சொல்லும்போது திடீர்னு ஏதாவது கேட்டுடுவேன், ஏன் அப்படி எழுதினீங்கன்னு. அப்ப எந்திரிச்சுப் போயிடாதீங்க. பதில் சொல்லுங்க, அப்புறம் சாப்பிடலாம். அத்தா மீன் தலைக் கறி வைக்கறேன்னாங்க.

நாஸியா